மலைச்சரிவு வீட்டுத் தோட்டத்துக்கு எந்தச் சொட்டுநீர்?

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி பக்கம் வீட்டை ஒட்டிச் சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய நாலைந்து படி நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பொங்கல் முடிந்ததும் தண்ணீர்க் கவலை தொடங்கிவிடும். மழை நின்றிருக்கும், பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், பீன்ஸும் பட்டாணியும் பாதி வளர்த்தியில் நிற்கும். டிரிப், அதாவது சொட்டுநீர், போடலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் சமவெளிக் கணக்கு: மொட்டை மாடி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகள், அரை ஹெச்பி மோட்டார், டைமர். அதை அப்படியே மலைக்குத் தூக்கி வந்தால் பாதிச் செலவு வீண்.

முதல் காரணம் நம் மழை மாதங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், வடகிழக்கும் பெய்து ஓய டிசம்பர் ஆகிவிடும். அவலாஞ்சி, நடுவட்டம் பக்கம் தென்மேற்கு ஊற்றும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கின் பலம் தனி. 2009 நவம்பர் நிலச்சரிவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் சொட்டுநீருக்கு உண்மையான வேலை ஜனவரியில் தொடங்கிக் கோடை மழை பிடிக்கும் வரைதான். வருடத்துக்கு நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாளெல்லாம் குழாய் சும்மா கிடக்கும். நாலு மாத வேலைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அந்த நாலு மாதத்திலும் தேவை ஒன்றும் மலைக்கவைக்கும் அளவு கிடையாது. 2000 மீட்டர் சுற்றுவட்ட உயரத்தில், பிப்ரவரி வெயிலில், ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் போதும். கோயம்புத்தூரில் ஏப்ரலில் இதே பாத்தி ஒன்றரை மடங்காவது குடிக்கும். ஒரு சென்ட், அதாவது 40 சதுர மீட்டர் காய்கறிக்கு 120 முதல் 160 லிட்டர். 500 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்திருந்தால் மூன்று நாள் ஓடும். ரேலியா அணையில் தண்ணீர் குறைந்து குழாய்த் தண்ணீர் நாள்கணக்கில் தள்ளிப்போகும் குன்னூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றால் நிமிடத்துக்குப் பத்து லிட்டராவது போகும், அதில் பாதி நடைவரப்பை நனைக்கும்.

இரண்டாவது காரணம் சரிவு. எதை வாங்குவது என்பதை மலையில் முடிவு செய்வது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒரு கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம் இருக்கும். சாதாரண டிரிப்பர்களின் (தண்ணீரைச் சொட்டவிடும் சின்ன முனைகள்) மீது எழுதியிருக்கும் 2 லிட்டர், 4 லிட்டர் என்பதெல்லாம் இந்த ஒரு கிலோ அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு வரும் அளவு. சமவெளியில் அந்தப் பத்து மீட்டருக்காகத்தான் மோட்டார் வாங்குகிறார்கள். நமக்கு வீட்டுக்கு மேலே உள்ள படியில் தொட்டி வைத்தாலே அதில் கணிசமான பங்கு இனாமாகக் கிடைத்துவிடும். கரண்ட் வேண்டாம், மழைக்காலத்தில் மோட்டாரை எங்கே நனையாமல் வைப்பது என்ற கவலையும் வேண்டாம்.

ஆனால் இனாமாக வரும் அழுத்தம் எல்லாப் படிக்கும் ஒரே மாதிரி வராது. தொட்டி மேல்படியிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்து படி, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இறக்கம் என்று வைப்போம். மேல்படிக்கு 2 மீட்டர் அழுத்தம், கடைசிப் படிக்கு 8 மீட்டர். நாலு மடங்கு. சாதாரண டிரிப்பரில் அழுத்தம் நாலு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்கு வரும். மேலே பீன்ஸ் வாடிக்கொண்டிருக்கும்போது கீழே முட்டைக்கோஸ் சேற்றில் நிற்கும். வால்வை மூடிய பிறகும் குழாய்க்குள் தங்கியிருக்கும் தண்ணீர் கீழ்ப்படிக்குத்தான் வடியும். 16 எம்எம் குழாயில் ஏழு மீட்டருக்கு ஒரு லிட்டர் தங்கும்; 32 எம்எம் மெயின் என்றால் மீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல்.

பார்வைக்கு இது தெரியாது, எல்லா டிரிப்பரும் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரே அளவு டம்ளர் இரண்டு எடுங்கள். மேல்படியில் ஒரு டிரிப்பருக்கு அடியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டி ஒன்று, கடைசிப் படியில் அதேபோல ஒன்று. ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலே சொன்ன உயரக் கணக்கில், 2 லிட்டர் டிரிப்பராக இருந்தால், மேல் டம்ளரில் 75 மில்லி சுமாருக்கு இருக்கும், கீழ் டம்ளரில் 150. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். மெயின் குழாய் மட்டும் சரிவில் இறங்கட்டும். சொட்டும் குழாய்கள் எல்லாம் படியோடு படியாக, மட்டமாக ஓடட்டும். படிக்கு ஒரு சின்ன வால்வு இருக்கட்டும். கீழ்ப்படி வால்வை முதலில் மூடிவிட்டு மேல்படியை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் கணக்கு நேராகிவிடும். வால்வு அந்தந்தப் படியிலேயே இருப்பதால் மெயினில் நிற்கும் தண்ணீரும் கீழே வடியாது.

சரி, இப்போது எதைப் போடுவது என்று பார்ப்போம்.

என் ஓட்டு இன்லைன் குழாய்க்கு. 16 எம்எம் கறுப்புக் குழாய், உள்ளேயே 30 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் பதித்து வரும். 40, 60 செ.மீ. இடைவெளியிலும் கிடைக்கும், ஆனால் மலை மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவுவதற்குள் கீழே இறங்கிவிடுவதால் நடுவில் காய்ந்த திட்டுகள் நிற்கும். 30 செ.மீ.யே கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளப் பாத்திக்கு இரண்டு வரிசை ஓட்டினால் 66 டிரிப்பர். 2 மீட்டர் அழுத்தத்தில் மணிக்கு 60 லிட்டர் அளவுக்கு வரும், முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் அன்றைய தேவை முடிந்துவிடும். கடைசிப் படியில் இருபது நிமிடம் போதும். ஒரு சென்ட்டுக்கு 80 மீட்டர் குழாய் ஆகும். மீட்டர் 10 முதல் 20 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

இன்லைனை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதற்குச் செடி எங்கே இருக்கிறது என்ற கவலையே கிடையாது. வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் எடுத்த பாத்தியில் அடுத்து பீட்ரூட் வரும், அதற்கு அடுத்து பூண்டு. செடிக்குச் செடி இடைவெளி ஒவ்வொன்றுக்கும் வேறு. முழு வரிசையையும் ஈரமாக்கும் குழாய் எல்லாவற்றுக்கும் பொருந்தும். களை எடுக்கும்போதும் மண் கிளறும்போதும் தூக்கி வரப்பில் போட்டுவிட்டுத் திரும்ப விரிக்கலாம்.

ஆன்லைன் டிரிப்பர் என்பது வெறும் குழாயில் நாமே ஓட்டை போட்டுப் பொருத்துவது. செடி இருக்கும் இடத்தில் மட்டும் சொட்டும் என்பது பெரிய வசதியாகத் தோன்றும். மரத்தக்காளி, பிளம்ஸ், எலுமிச்சை, ரோஜாத் தொட்டி போன்று வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவைக்கு இதைவிட நல்லது வேறில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிர் மாறும் பாத்தியில் பழைய ஓட்டைகளை டம்மி வைத்து அடைப்பதும் புதிய ஓட்டை போடுவதுமே வேலையாகிவிடும்.

இதிலேயே பிசி டிரிப்பர் என்று ஒன்று உண்டு. அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு தண்ணீர் விடும். சரிவு நிலத்துக்கென்றே செய்தது என்று கடைக்காரர் சொல்வார். பொய் இல்லை. ஆனால் அதற்குக் குறைந்தது அரைக் கிலோ, சில வகைகளுக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். அதாவது தொட்டி உங்கள் மேல்படியிலிருந்தே 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு மேலே எஸ்டேட் பக்கம் ஊற்று இருக்கிறது, அங்கிருந்து நேராகக் குழாய் இறங்குகிறது என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிசி வாங்கலாம். குளியலறைத் தொட்டியிலிருந்து இழுப்பவர்களுக்கு அது கொடுத்த காசுக்கு வேலை செய்யாது. மூடியதும் சொட்டாமல் நிற்கும் வகை இன்னும் மோசம், குறைந்த அழுத்தத்தில் திறக்கவே திறக்காது.

மைக்ரோ டியூப் மலிவு. 4 எம்எம் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிச் செடிக்குச் செடி விடுவது. சரிவில் இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: துண்டு நீளமாக இருந்தால் தண்ணீர் குறைவாக வரும். கீழ்ப்படியில் நீளமாகவும் மேல்படியில் குட்டையாகவும் வெட்டினால் வால்வே இல்லாமல் சமன் செய்துவிடலாம். அடைத்தால் ஊதி எடுக்கலாம். ஆனால் குரங்கு வரும் வீட்டில் இதைப் போடவே வேண்டாம். பாத்தி முழுக்க ஆடிக்கொண்டிருக்கும் கறுப்பு வால்களை அது சும்மா விடாது. இணையத்தில் ஐம்பது டிரிப்பர், நூறு டிரிப்பர் என்று டப்பாவில் வரும் கிட்டுகளும் பெரும்பாலும் இந்த 4 எம்எம் குழாயை வைத்தே செய்தவை. பால்கனியில் இருபது தொட்டி வைத்திருப்பவருக்குச் சரி, மண் பாத்திக்கு வேண்டாம்.

தெளிப்பான் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊட்டியைச் சுற்றிக் கேரட், உருளைக்கிழங்கு வயல்களில் சுற்றிக்கொண்டிருப்பது அதுதான், பார்க்கிற யாருக்கும் நம் வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றும். சின்ன மைக்ரோ தெளிப்பானுக்கும் ஒரு கிலோ அழுத்தம் தேவை, கீழே போனால் சுற்றாமல் ஒழுகும். மழை போலப் பீச்சும் ரெயின் ஹோஸ் குழாய் அதைவிடக் கொஞ்சம் குறைவான அழுத்தத்தில் வேலை செய்தாலும் தண்ணீர் நிறையக் கேட்கும், வீட்டுத் தொட்டி தாங்காது. இன்னொன்று, இலை நனைந்தபடி இரவைக் கழித்தால் இலைக்கருகல் வரும். முத்தோரையில் உருளைக்கிழங்குக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மாவட்டம் இது, கருகல் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெளிப்பான் வைத்தே ஆக வேண்டும் என்றால் காலையில் ஓட்டுங்கள், மாலையில் வேண்டாம்.

கேரட்டுக்கு மட்டும் சொட்டுநீரை நம்பக் கூடாது. முளைத்து நிலைத்த பிறகு இன்லைன் நன்றாகவே ஓடும். முளைக்கும் வரை, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம், மேல்மண் அரை அங்குலம் காயாமல் இருக்க வேண்டும். சொட்டும் புள்ளிகளைச் சுற்றி மட்டும் கேரட் முளைத்து, நடுவில் வெறும் மண்ணாகக் கிடந்தால் காரணம் இதுதான். விதைத்ததும் பூவாளியால் நனைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். முள்ளங்கி, கீரைக்கும் முதல் சில நாள் பூவாளிதான். ஆகவே எதை வாங்கினாலும் பூவாளியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் வைத்தியத்தையும் சிலர் சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலுக்கே தடை போட்டிருக்கும் மாவட்டத்தில் அத்தனை பாட்டிலுக்கு எங்கே போவது என்பதை அவர்கள் சொல்வதில்லை. மேரக்காய் (சௌசௌ) பந்தலுக்கு ஒரு மண்பானை புதைத்து வாரம் ஓரிரு முறை நிரப்பினால் போதும், அது பாட்டுக்குக் காய்க்கும்.

குழாயை விட அதிகக் கவனம் கேட்பது ஃபில்டர். சமவெளியில் உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு படியும், அதற்கு ஆசிட் விட்டுக் கழுவச் சொல்வார்கள். மலைத் தண்ணீர் மென்னீர், அந்த வேலை இங்கே தேவைப்படாது. நம் தொல்லை வேறு: பாசி, இலைத்தூள், அப்புறம் இரும்பு. செம்மண் வழியாகக் கசிந்து வரும் ஊற்றுத் தண்ணீர் எடுப்பவர்கள் சில வாரம் கழித்து ஃபில்டரைத் திறந்தால் துருநிறத்தில் கூழ் மாதிரி ஒன்று வலையில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும், மணல் போல நெறுநெறுக்காது. ஊற்றுத் தண்ணீர் தேங்கும் குழியின் மேல் எண்ணெய் மிதப்பது போன்ற படலம் தெரிகிறதே, அதே இரும்புப் பாக்டீரியாவின் வேலைதான். டிரிப்பருக்குள் அது போய்விட்டால் ஊதியும் வராது, தட்டியும் வராது. அதனால் ஊற்றுத் தண்ணீரை நேராகக் குழாயில் விடாமல் ஒரு நாள் தொட்டியில் தெளியவிடுங்கள். தொட்டியின் வெளிக்குழாய் அடியை ஒட்டி இல்லாமல் ஒரு சாண் மேலே இருக்கட்டும். தொட்டி கறுப்பாக, மூடியோடு இருந்தால் பாசி பாதி குறையும். ஃபில்டரில் வலை வகையை விட, வளையத் தட்டுகளை அடுக்கிய டிஸ்க் வகை இங்கே நல்லது, பாசியையும் கூழையும் அது நன்றாகப் பிடிக்கும். முக்கால் அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குல ஃபில்டர் வாங்கினால் இருக்கிற கொஞ்ச அழுத்தமும் அதிலேயே செலவாகாது. குழாயின் கடைசி மூடியை வாரம் ஒருமுறை திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

டைமர் வேண்டுமா? சனி ஞாயிறு மட்டும் வருகிற வீடு என்றால் வேண்டும். வாங்கும்போது உள்ளே சோலனாய்டு (மின்காந்த) வால்வா, பால் (ball, உருண்டை) வால்வா என்று கேளுங்கள். சோலனாய்டு வகை பெரும்பாலும் அரைக் கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் திறந்து மூடாது. தொட்டித் தண்ணீருக்குப் பால் வால்வு டைமர்தான். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. பெரிய தொட்டிக்கும் தோட்டத்துக்கும் நடுவே 150 லிட்டர் டிரம் ஒன்று வையுங்கள். காலையில் டிரம்மை நிரப்பி, படி வால்வுகளைத் திறந்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். டிரம் காலியானால் தண்ணீர் நின்றுவிடும். மறந்துபோய் 500 லிட்டரும் கீழ்வீட்டுக்காரர் சுவரில் இறங்கும் வம்பும் இல்லை. ஆனால் படிக்குப் படி தண்ணீரைப் பிரித்துவிட வால்வை நீங்கள்தான் போய் மூட வேண்டும், அதற்கு டிரம் உதவாது.

மிருகங்களைக் கணக்கில் எடுக்காமல் இங்கே எதுவும் போட முடியாது. காட்டெருமை இரவில் படி ஏறி இறங்கும்போது குளம்பு விழுந்த இடத்தில் குழாய் நசுங்கும். மெல்லிய டேப் வகை கிழிந்தே போகும். சுவர் தடித்த கிளாஸ் 2 குழாயாகக் கேட்டு வாங்கினால் பெரும்பாலும் நசுங்கிவிட்டுத் திரும்ப எழுந்துவிடும். கோடையில் எலி தண்ணீருக்காகக் கடிக்கும், முள்ளம்பன்றி கிழங்கு தோண்டும் வேகத்தில் குழாயையும் சேர்த்துக் கடித்துவைக்கும். இரண்டு அங்குலக் காய்ந்த புல்லால் குழாயை மூடிவிடுங்கள். கண்ணுக்கும் படாது, மண் ஈரமும் நிற்கும். ஜாயினர் பத்து எடுத்து வீட்டில் வைத்திருங்கள். கத்தியால் வெட்டி ஜாயினர் போட இரண்டு நிமிடம், இன்லைனில் இதோடு முடிந்தது.

உறைபனிக்கு டிரிப் ஒன்றும் செய்யாது. தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் நீர்ப்பனி உறைபனியாக மாறும் வாரங்களில், விடிந்ததும் வெயில் படுவதற்கு முன் இலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். அதற்கு ஓஸோ பூவாளியோதான். தேயிலைக்குச் செய்வது போலத் தாகைச் செடியை வெட்டி மூடுவதும் நடக்கும்.

மானியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்பார்கள், அது விவசாய நிலத்துக்கானது. கால் ஏக்கர், அரை ஏக்கர் காய்கறி போடுகிறவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். வீட்டை ஒட்டிய ஒரு சென்ட்டுக்கு அலைய வேண்டாம், மேட்டுப்பாளையம் போகிற அன்றைக்குக் கடையில் வாங்கி வந்துவிடலாம்.

கடைசியாக ஆளுக்கு ஏற்றபடி சொல்வதென்றால், சாதாரணத் தொட்டியும் மூன்று நாலு படியும் உள்ள வீட்டுக்கு இன்லைன், படிக்கு ஒரு வால்வு, ஒரு அங்குல டிஸ்க் ஃபில்டர், நடுவில் டிரம். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஊற்று உயரத்தில் இருந்து அழுத்தம் தாராளமாக வருபவர்கள் பாத்திக்குப் பிசி வகை இன்லைனும் பழச்செடிக்குப் பிசி டிரிப்பரும் போடலாம். கேரட் பாத்திக்கு ஒரு மைக்ரோ தெளிப்பானும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். சமையலறைக்குப் பின்னால் இரண்டு பாத்தி மட்டும் வைத்திருப்பவர் எதுவும் வாங்க வேண்டாம். காலையில் பூவாளியில் ஏழெட்டு நடை, பத்து நிமிட வேலை. அப்படியே புழுவும் பூச்சியும் கண்ணில் படும்.

போட்டவர்கள் ஜூன் மழை பிடித்ததும் எடுத்துவிட வேண்டும். கடைசி மூடியைத் திறந்து நன்றாக ஓடவிட்டு, வட்டமாகச் சுருட்டி, வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு முனையையும் துணி வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளவி உள்ளே மண் வைத்துக் கூடு கட்டிவிடும், அப்புறம் அந்தக் குழாயை வெட்டிப் போட வேண்டியதுதான்.